இரண்டு கப்பல், ஒரே கல்லா

(அலாஸ்கா சீசன் ஏப்ரல் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை ஓடுகிறது. ஹாலந்து அமெரிக்காவா, பிரின்சஸா என்ற ஒரே கேள்வியை வாசகர்கள் பல வேடம் கட்டி அனுப்பியிருக்கிறார்கள். கலைத்துப் பார்த்ததில் மிஞ்சியவை கீழே.)

கே: இரண்டு நிறுவனத்தின் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பனி, அதே திமிங்கலம், அதே சிரிக்கும் தம்பதி. என்னதான் வித்தியாசம்?

ப: தம்பதியின் வயது. ஹாலந்து அமெரிக்கா படத்தில் இருப்பவர்கள் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பிரின்சஸ் படத்தில் இருப்பவர்கள் அந்தப் பேரனைக் கூடவே கூட்டி வந்தவர்கள்.

மற்றபடி இருவரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஹாலந்து அமெரிக்கா 1873-ல் ராட்டர்டாமில் பிறந்தது. ஐரோப்பாவிலிருந்து பிழைக்கப் போனவர்களை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்த கம்பெனி. பிரின்சஸ் 1965-ல் ஒரு வாடகைக் கப்பலை வைத்து மெக்சிகோவுக்கு ஓட்ட ஆரம்பித்தது. முன்னதை 1989-ல் கார்னிவல் வாங்கியது. பின்னது 2003-ல் அதே கார்னிவல் குடும்பத்தில் வந்து சேர்ந்தது. அலாஸ்காவில் கப்பலை விட்டு இறங்கியபின் இரு தரப்புக்கும் பஸ், ரயில் பெட்டி, விடுதி எல்லாவற்றையும் கவனிப்பது ஒரே நிர்வாகம். நீங்கள் யாரிடம் கோபித்துக்கொண்டு யாரிடம் போனாலும் பணம் ஒரே கல்லாவில்தான் விழும்.

கே: அப்புறம் எதற்கு இரண்டு பெயர்?

ப: ஒரு கடையில் பேரம் படியாதவர் முறைத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போவதற்கு.

கே: நூறு அம்சங்களை அட்டவணை போட்டு ஒப்பிட்டுவிட்டேன். தலை சுற்றுகிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ப: அட்டவணையை மூடிவிட்டு, கப்பல் எங்கே எங்கே போகிறது என்ற தாளை எடுங்கள். அதில் ‘கிளேசியர் பே’ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிறுவனத்தின் பெயரெல்லாம் அதற்குப் பிறகு.

அந்தத் தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்குப் பெரிய பயணிகள் கப்பல் இரண்டுக்குமேல் விடமாட்டார்கள். அந்த அனுமதிகளில் பெரும்பங்கு உங்கள் இரண்டு நிறுவனங்களிடமும்தான் இருக்கிறது. பழைய ஆட்கள் என்பதற்கான சலுகை அது. உள்ளே போனால் கப்பல் எந்தத் துறையிலும் நிற்காது, யாரும் இறங்க முடியாது, கடை கிடையாது. காலையில் நுழைந்து மாலையில் வெளியேறும். பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து, ஓடுகிற கப்பலில் ஏணி வழியாக ஏறி, நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசுவார்கள்.

அவர்கள் சொல்கிற கதையைக் கேளுங்கள். 1794-ல் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்தபோது இங்கே விரிகுடாவே கிடையாது. கரையில் சிறிய பள்ளம், அதற்குப் பின்னால் பனிச் சுவர், அவ்வளவுதான். 1879-ல் இயற்கை ஆர்வலர் ஜான் மியூர் வந்தபோது பனி ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டிருந்தது. 1916-க்குள் ஏறக்குறைய நூறு. நீங்கள் மிதந்து போகிற தண்ணீர் முழுவதும் பனியாறு விட்டுக்கொடுத்த இடம். அதற்கு முன்பு, 1700-களில் அதே பனி முன்னால் வந்து, அங்கே குடியிருந்த ஹூனா டிலிங்கிட் மக்களை ஊரோடு வெளியேற்றியது. அவர்களுடைய குலவீடு ஒன்று 2016-ல்தான் பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில் மறுபடி எழும்பியது.

விரிகுடாவின் கோடியில் மார்ஜரி பனியாறு. முகப்பு மட்டும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அகலம், நீளம் முப்பத்துநாலு கிலோமீட்டர். கப்பல் எதிரே நின்று மெதுவாகத் திரும்பும். இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் தரிசனம் கிடைக்கும். ஆகவே இடது பக்க அறையா வலது பக்க அறையா என்று குடும்பத்தில் சண்டை வேண்டாம்.

கே: கிளேசியர் பே இல்லாத பயணத்தில் நானூறு டாலர் குறைவாக இருக்கிறதே?

ப: ஏன் குறைவு என்று உங்களுக்கே தெரிந்துவிட்டதே.

நியாயமாகச் சொன்னால் மாற்று இடங்களும் லேசுப்பட்டவை அல்ல. ஹப்பர்ட் பனியாற்றின் முகப்பு பத்துக் கிலோமீட்டர் அகலம். உலகத்துப் பனியாறுகளில் பெரும்பாலானவை சுருங்கும்போது அது முன்னேறிக்கொண்டிருக்கிறது, பிடிவாதக்காரன். ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டால் கேப்டன் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார். டிரேசி ஆர்ம் என்ற குறுகிய மலையிடுக்கு பலருக்குப் பிடித்தமானது. 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அங்கே மலைச்சரிவு விழுந்து சுனாமியே கிளம்பியது. அதற்குப்பின் கப்பல்கள் பக்கத்து எண்டிகாட் ஆர்முக்குத் திரும்பிவிட்டன. பழைய கையேட்டை நம்பி டிரேசி ஆர்ம் என்று கனவு காண்பவர்கள் இப்போதைய தாளைப் பார்க்கவும்.

கே: வான்கூவரில் ஏறுவதா, சியாட்டிலில் ஏறுவதா? சியாட்டிலுக்கு விமான டிக்கெட் மலிவு.

ப: டிக்கெட் மலிவுதான். அந்த மலிவுக்குக் கடல் ஈடு கேட்கும். சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக்கில் ஏறிப் போகின்றன. அலை உண்டு, வயிறு இளகியவர்களுக்கு முதல் நாள் சாப்பாடு வீண். வான்கூவரிலிருந்து கிளம்பினால் தீவுகளுக்கு நடுவே உள்வழி. இருபுறமும் மலை, நடுவில் குளம்போல் தண்ணீர். மாத்திரை வாங்குவதற்குப் பதில் வான்கூவருக்கு டிக்கெட் வாங்கலாம்.

இன்னொன்று. சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கும் பயணங்களில் கடைசி நாள் சாயங்காலம் கப்பல் கனடாவின் விக்டோரியாவுக்குப் போய்ச் சில மணி நேரம் நின்றுவிட்டு வரும். பூந்தோட்டம் காட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 1886-ல் அமெரிக்கா போட்ட சட்டம் அது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், நடுவில் ஓர் அந்நிய துறைமுகத்தைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. ஹாலந்து அமெரிக்காவின் கொடி நெதர்லாந்துடையது. பிரின்சஸ் கொடி பெரும்பாலும் பெர்முடாவுடையது. நூற்றுமுப்பது வருடம் தாண்டிய சட்டத்துக்காக உங்களுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு பூந்தோட்டம்.

கே: எங்கள் பெற்றோர் இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறார்கள். அமெரிக்க விசா இருக்கிறது. போதாதா?

ப: போதாது. எந்த ஊரில் ஏறினாலும் கனடா வந்துவிடும், அதற்குத் தனி விசா வேண்டும். விக்டோரியாவில் ‘நாங்கள் இறங்கவே மாட்டோம், அறையில் தூங்குகிறோம்’ என்று சொன்னாலும் விடமாட்டார்கள். ஆவணம் இல்லை என்றால் சியாட்டிலிலேயே ஏற்ற மறுப்பார்கள். அமெரிக்க விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். சியாட்டிலில் இறங்கி, கனடா போய், கப்பலில் அலாஸ்கா நுழைந்தால் அது இரண்டாவது நுழைவு. கனடா விசா கைக்கு வரும்முன் திரும்பப் பெற முடியாத பணம் எதையும் கட்டாதீர்கள்.

கே: கப்பல் பெரிதாக இருந்தால் நல்லதா, சிறிதாக இருந்தால் நல்லதா?

ப: கரீபியனுக்குப் பெரிது, அலாஸ்காவுக்குச் சிறிது. இங்கே வேடிக்கை கப்பலுக்கு வெளியே நடக்கிறது.

பிரின்சஸின் ‘டிஸ்கவரி’ 3,600-க்கு மேல் பயணிகளை ஏற்றும். ஹாலந்து அமெரிக்காவின் ‘யூரோடாம்’ சுமார் 2,100. (பெயர் ‘டாம்’ என்று முடிந்தால் ஹாலந்துக்காரர் என்று கண்டுகொள்ளுங்கள்.) அந்த ஆயிரத்தைந்நூறு பேர் வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், காலை ஏழு மணி பஃபேயில் ஆம்லெட் வரிசையில் தெரியும், ஜூனோ துறைமுகத்தில் இறங்கும் படியில் தெரியும். எல்லாவற்றையும்விட பனியாற்று நாளில் கம்பிப் பிடியருகே இடம் பிடிக்கும்போது தெரியும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம் சொல்கிறேன். யூரோடாம், நூர்டாம் போன்றவற்றில் கப்பலை முழுவதும் சுற்றிவரும் நடைத்தளம் இருக்கிறது. ஒரு பக்கம் திமிங்கலம் என்று கூவினால் நடந்தே மறுபக்கம் போய்விடலாம். பிரின்சஸின் ‘ராயல்’ வகைப் புதுக் கப்பல்களில் அந்தச் சுற்று கிடையாது. நடுவில் சுவர் வரும். நீச்சல்குளத்துக்கும் பெரிய திரைக்கும் இடம் ஒதுக்கிய வடிவமைப்பாளர், திமிங்கலத்தைக் கலந்தாலோசிக்கவில்லை. பிரின்சஸிலும் ‘கோரல்’ போன்ற பழைய கப்பல்கள் சுமார் 2,000 பேர் அளவுதான், நடைத்தளத்தோடு. பழையது என்று முகம் சுளிக்காமல் அதைக் கேட்டு வாங்குங்கள்.

கே: பால்கனி அறை அவசியமா? விலை யானை விலையாக இருக்கிறது.

ப: பனியாற்று நாளன்று நீங்கள் மேல்தளத்தில் இருக்க வேண்டியவர். ஹாலந்து அமெரிக்கா அன்று முன்முனைத் தளத்தையே திறந்துவிட்டு, குளிரில் நடுங்குபவர்களுக்குச் சுடச்சுட டச்சுப் பட்டாணி சூப் கொடுக்கிறது. பால்கனியில் உட்கார்ந்தவருக்குப் பாதிப் பனியாறு. முன்முனையில் நின்றவருக்கு முழுப் பனியாறும் சூப்பும். ஆனால் குளிர் தாங்காத பெரியவர்கள் உடன் வந்தால், கம்பளியைப் போர்த்தி உட்காரவைக்கப் பால்கனி நல்ல செலவு. மற்றவர்கள் அந்தப் பணத்தை ஜூனோவில் திமிங்கலப் படகுக்குக் கொடுங்கள்.

கே: அந்தச் சூப் சைவமா?

ப: வழக்கமான டச்சு முறையில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். கிண்ணம் வாய்க்குப் போகும்முன் கேளுங்கள்.

கே: சூப் போகட்டும். ஏழு நாள் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

ப: இரண்டிலும் கிடைக்கும், முன்கூட்டிச் சொன்னால். பதிவு செய்யும்போதே எழுதுங்கள். ஏறின அன்றே உணவக மேலாளரைப் பார்த்துப் பேசுங்கள். இரவு மெனுவைக் காட்டி மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். ‘இந்திய சைவம்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘சைவம்’ என்றால் ஏழு நாளும் பாஸ்தா வரும்.

மீன் சாப்பிடுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அலாஸ்காவில் மீன் பண்ணை வைக்கச் சட்டத்தில் இடமில்லை. அங்கே பிடிக்கிற சால்மன் எல்லாம் கடலில் நீந்தித் திரிந்தவை.

கே: பிரின்சஸில் மெடாலியன் என்று ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்களாமே?

ப: நாணயம் அளவு வில்லை. 2017-ல் வந்தது. கதவு தானே திறக்கும்; நீங்கள் எந்த நாற்காலியில் சாய்ந்திருந்தாலும் கேட்ட பானம் தேடிக்கொண்டு வரும். மனைவி எந்தத் தளத்தில் இருக்கிறார் என்று கணவருக்குக் காட்டும். கணவர் எங்கே இருக்கிறார் என்று மனைவிக்கும் காட்டும் என்பதை வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

கே: பிள்ளைகளுக்குப் பதினொன்று, பதினாலு வயது. ஹாலந்து அமெரிக்காவில் போரடிக்குமா?

ப: ஒன்பது மணிக்குமேல் போரடிக்கும். அங்கே இரவு என்றால் பியானோ, ப்ளூஸ், ராக் என்று நேரடி இசைதான். பெரியவர்களுக்கு அது பிரமாதம். பிள்ளைகளுக்கு பிரின்சஸ், திறந்தவெளித் திரையில் கம்பளியோடு படம் பார்க்கலாம், சம வயதுக் கூட்டமும் அதிகம். உங்கள் வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கே: கப்பலோடு முடிக்காமல் தினாலி பக்கமும் போக ஆசை. யார் தேவலை?

ப: இங்கேதான் இரண்டும் உண்மையிலேயே பிரிகின்றன. தரைப் பயணத்தில் பிரின்சஸுக்கு ஒரு முழம் அதிகம். விட்டியர் துறைமுகத்தில் கப்பலுக்குப் பக்கத்திலேயே ரயில் காத்திருக்கும்; ஏறினால் நேராகத் தன் காட்டு விடுதிகளுக்கே கொண்டுபோகும். (விட்டியர் ஒரு விசித்திர ஊர். ஊர்க்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். வெளியே போக நான்கு கிலோமீட்டர் சுரங்கம். அதே ஒற்றைப் பாதையில் ரயிலும் காரும் முறை வைத்துப் போகும்.) தினாலி மலைக்குத் தெற்கே இருக்கும் பிரின்சஸ் விடுதியின் முற்றத்திலிருந்தே சிகரம் தெரியும்.

தெரியும் என்றா சொன்னேன்? மேகம் விட்டால் தெரியும். 6,190 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு, போகிறவர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் அது முகம் காட்டும். பெயரில்கூட நிலையாக நிற்பதில்லை. 2015-ல் ஒபாமா ஆட்சி ‘தினாலி’ என்றது, 2025-ல் டிரம்ப் மறுபடி ‘மெக்கின்லி’ ஆக்கினார். பூங்காவின் பெயர் மட்டும் தினாலி. ஆகவே ஒரு இரவு போதாது, இரண்டு இரவு தங்குங்கள்.

ஹாலந்து அமெரிக்காவின் துருப்புச்சீட்டு கனடாவின் யூகான் பகுதி. 1971-ல் வெஸ்டூர்ஸ் என்ற அலாஸ்கா சுற்றுலாக் கம்பெனியை வாங்கியதிலிருந்து அவர்களுக்கு உள்நாட்டு வழி அத்துப்படி. தங்க வேட்டை நடந்த அந்தப் பகுதிக்குள் கூட்டிப்போகிறார்கள். நீண்ட பஸ் பயணம், செலவு அதிகம், வரலாற்றுப் பைத்தியங்களுக்கு மட்டும். எனக்கு அந்தப் பைத்தியம் உண்டு.

கே: ஸ்காக்வே துறைமுகத்தில் இப்போதும் தங்கம் கிடைக்கிறதா?

ப: கிடைக்கிறது, நகைக்கடையில். இறங்கினதும் வரிசையாக இருக்கும். அதைத் தாண்டி ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1898-ல் தொடங்கி 1900-ல் முடித்த மலை ரயில், தண்டவாள அகலம் மூன்றடிதான், வைட் பாஸ் உச்சிக்கு ஏறுகிறது. அந்த ரயில் வருவதற்குமுன் தங்கம் தேடிப் போனவர்களிடம் கனடாக் காவல்துறை ஒரு வருடத்துக்கான உணவும் சாமானும், ஏறக்குறைய ஒரு டன் கொண்டுவந்தால்தான் எல்லைக்குள் விடுவோம் என்றது. முதுகில் சுமந்தே பல நடை ஏறி இறங்கினார்கள். இன்று விமானக் கம்பெனி 23 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது. காலம் மாறிவிட்டது.

கே: ஜூனோவில் கூட்டம் நெரிக்கிறதாமே?

ப: ஊர்க்காரர்களுக்கும் அதே புகார். சாலை வழியாகப் போகவே முடியாத அலாஸ்காவின் தலைநகர் அது, விமானம் அல்லது கப்பல்தான். 2024 முதல் ஒரு நாளைக்குப் பெரிய கப்பல் ஐந்து என்று வரம்பு. 2026 முதல் நாளைக்கு 16,000 படுக்கை, சனிக்கிழமை 12,000 என்று ஆள் கணக்கே வைத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஜூனோ வரும் பயணம் கிடைத்தால் விடாதீர்கள்.

கே: கரைச் சுற்றுலாவைக் கப்பலில் வாங்குவதா, வெளியே வாங்குவதா?

ப: பல இடங்களில் படகும் அதே படகு, ஓட்டுநரும் அதே ஓட்டுநர். வெளியே மலிவு, சின்னக் குழு. வித்தியாசம் ஒன்றுதான். கப்பல் விற்ற சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் கையசைத்துவிட்டுப் போய்விடும். ஜூனோ திமிங்கலப் படகை வெளியே வாங்குங்கள், ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். எல்லை தாண்டி யூகான் வரை போகும் நெடும்பயணத்தைக் கப்பலிடமே வாங்குங்கள்.

கே: எந்த மாதம்?

ப: மழை பிடிக்காதவருக்கு மே. தென்கிழக்கு அலாஸ்காவில் ஓரளவு காய்ந்த மாதம் அதுதான், விலையும் குறைவு. மலைப்பாதைகளில் பனி மிச்சம் இருக்கும். ஜூலையில் சால்மன், கூட்டம், விலை மூன்றும் ஏறும். வடதுருவ ஒளி பார்க்க ஆசைப்படுபவர் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். அதற்குமுன் இரவு என்று ஒன்று சரியாக வருவதில்லை. கெச்சிகனுக்கு மட்டும் எந்த மாதமானாலும் மழைக்கோட்டு. வருடத்துக்கு நூற்றைம்பது அங்குலம் கொட்டுகிற ஊர். குடை விரிப்பவரைப் பார்த்தால் வெளியூர் என்று கண்டுகொள்வார்கள்.

கே: இந்தக் கப்பல்கள் கடலைக் கெடுக்கின்றன என்கிறார்களே. எது யோக்கியம்?

ப: யோக்கியப் போட்டி வேண்டாம். எண்ணெய்க் கழிவை ரகசியக் குழாய் வைத்துக் கடலில் விட்ட வழக்கில் பிரின்சஸ் 2016-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. நன்னடத்தைக் காலத்தில் நிபந்தனைகளை மீறியதற்காகத் தாய்க் கம்பெனி கார்னிவல் 2019-ல் இன்னொரு 2 கோடி கட்டியது. ஹாலந்து அமெரிக்காவின் ‘வெஸ்டர்டாம்’ 2018-ல் கிளேசியர் பேக்குள்ளேயே கழிவுநீரை வெளியேற்றி மாட்டிக்கொண்டது. மறுபக்கமும் உண்டு. துறைமுகத்தில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, கரை மின்சாரத்தில் ஓடுவதை உலகில் முதலில் செய்த பயணிகள் கப்பல்கள் பிரின்சஸுடையவை. 2001-ல், அதே ஜூனோவில்.

மனம் ஒப்பாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அலாஸ்கா அரசின் படகுகள் இதே ஊர்களுக்கு, ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு, இதே உள்வழியில்தான் போகின்றன. ஆம்லெட் வரிசை இருக்காது.

கே: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பணம் என்றால் எதில் போவீர்கள்?

ப: கப்பல் மட்டும் என்றால், வான்கூவரிலிருந்து ஹாலந்து அமெரிக்கா, கிளேசியர் பேயோடு, மே மாதம், பால்கனி இல்லாத அறை. தினாலியும் சேர்த்தால் பிரின்சஸ் ‘கோரல்’ அளவுக் கப்பல், வடக்கு நோக்கிய ஒரு வழிப் பயணம். பிள்ளைகள் கூட வந்தாலும் பிரின்சஸ்தான்.

கே: பேசிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் பிரின்சஸில் முன்பதிவு செய்துவிட்டார். எந்த வழி, எந்தக் கப்பல் எதுவும் பார்க்கவில்லை. தள்ளுபடி என்றாராம். என்ன செய்ய?

ப: உடனே தாளை எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: கிளேசியர் பே இருக்கிறதா, ஏறும் ஊர் எது, கப்பலின் பெயர் என்ன. மூன்றும் சரியென்றால் அவரை மன்னித்துவிடுங்கள். இல்லையென்றால், மீதிப் பணம் கட்டும் கெடு தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு வரும். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகைப் பதிவு என்றால் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். தள்ளுபடி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘திரும்பத் தரப்படாது’ என்று சிறிய எழுத்தில் இருக்கிறதா என்பதை இன்றே படியுங்கள்.